வெள்ளி முளைத்ததற்கு அத்தாட்சி

இதனால் சகலமான ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: பிரெஞ்சு ரெப்புப்ளிக்கின் பெயராலும், நமது கொம்யூன் மேர் அவர்களின் உத்தரவின்பேரிலும், வருகிற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் களத்துமேட்டில், நாம் குடியிருக்கும் பூமி என்கிற கிரகத்தையும், அதற்கு அக்கம்பக்கத்தில் கல்லாலும் மண்ணாலும் ஆகியிருக்கும் புதன், வெள்ளி, செவ்வாய் என்கிற மற்ற மூன்று கிரகங்களையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, இன்னது பெரியது இன்னது சிறியது, இன்னது எப்போது முளைக்கும் எப்போது முளைக்காது என்று தீர்மானம் செய்யப்படும். மிராசுதார், குடியானவர், பண்ணையாள், தலையாரி, ஏரி மடைக்காரன் யாராக இருந்தாலும் தவறாமல் ஆஜராக வேண்டியது. ஆஜராகாதவர்களுக்கு அபராதம்.

கிரகங்கள் ஆஜராகாவிட்டால் என்ன அபராதம் என்று அறிவிப்பில் சொல்லவில்லை.

தமுக்குச் சத்தம் கேட்டபோது ஆதிமூலம் தன் வயல் வரப்பில் குந்தி, ஒரு நெல்மணியை நகத்தால் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். பால் வர வேண்டும். வந்தது, ஆனால் மனசில்லாமல் வந்தது. கால்மாட்டில் தரை வெடித்திருந்த இடத்தில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான். இரண்டாவது கணு வரைக்கும் போயிற்று. 1937-ஆம் வருஷத்து மழை ஐப்பசியில் தலையைக் காட்டிவிட்டுக் கார்த்திகையில் எட்டியும் பார்க்கவில்லை. இப்போது மார்கழி பாதி. இன்னும் நாலைந்து நாளில் ஒரே ஒரு தண்ணீர் காட்டிவிட்டால் சம்பா பிழைத்துக்கொள்ளும். காட்டாவிட்டால் அத்தனையும் பதர்தான். தூற்றுகிறபோது களத்தில் விழாமல் கிருமாம்பாக்கம் ரோடு வரைக்கும் பறந்துபோகும். ஏரியில் தண்ணீர் இருந்தது. வாய்க்காலிலும் இருந்தது. வானத்தில் வெள்ளி இல்லாததுதான் குறை.

விவகாரம் இதுதான். ஏரியிலிருந்து வருகிற வாய்க்கால் முதலில் சிவப்பிரகாசத்தின் பன்னிரண்டு காணியை நனைக்கும். அப்புறம் வாலில் கிடக்கும் ஆதிமூலத்தின் ஒன்றரைக் காணிக்கு வரும். அந்த ஒன்றரைக் காணி, ஆதிமூலத்தின் தகப்பன் சைகோனில் இருபது வருஷம் கிடங்குக் காவல் பார்த்து, ஒரு முறைக்காய்ச்சலோடும் ஒரு கைக்கடிகாரத்தோடும் ஊர் திரும்பி, சிவப்பிரகாசத்தின் தகப்பனாரிடம் வாங்கியது. காய்ச்சல் கடைசி வரைக்கும் கூட இருந்தது. கடிகாரம் கப்பலிலேயே நின்றுவிட்டது. அதனால், பத்திரம் பதிகிற நொத்தேரிடம் போய் இரண்டு பேரும் தண்ணீர் முறை எழுதிக்கொண்டபோது மணிக்கணக்கு வைக்காமல் ஊர் வழக்கத்தையே எழுதிக்கொண்டார்கள்: விளக்கு வைத்த நேரத்திலிருந்து, கிழக்கே விடிவெள்ளி முளைத்துக் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் தண்ணீர் மேல்மடைக்கு, வெள்ளி முளைத்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் கடைமடைக்கு. நொத்தேர் பட்டணத்துக்காரர். வெள்ளி தினந்தோறும் முளைக்கும், சூரியனைப் போல அதுவும் நேரத்துக்கு வேலைக்கு வரும் என்று நினைத்து முத்திரை வைத்துவிட்டார்.

வெள்ளி அப்படிப்பட்ட ஆள் இல்லை. எட்டு ஒன்பது மாசம் விடியற்காலையில் ஒழுங்காக வரும். அப்புறம் நாளுக்கு நாள் பிந்தி, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். விசாரித்தால், கொஞ்ச காலம் கழித்து மேற்கே சாயங்காலத்தில் வேறு உத்தியோகத்தில் உட்கார்ந்திருக்கும். வயல்காரர்களுக்கெல்லாம் இது தெரியும். வெள்ளி இல்லாத மாசங்களில் சிவப்பிரகாசத்தின் தகப்பனார், கோழி கூவியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். கோழி பத்திரத்தில் இல்லை. தகப்பனார் போன ஆவணியில் காலமானார். மகன் பத்திரத்தைப் படித்தார்.

சிவப்பிரகாசம் படிக்கத் தெரிந்தவர் என்பதுதான் ஊருக்குப் பெரிய கஷ்டம். புதுச்சேரியில் ஆறு வருஷம் பிரெஞ்சு படித்தவர். கொம்யூன் சபையில் அங்கத்தினர், அதாவது கொன்செய்யே. அந்தப் பட்டத்தைக் கூண்டு வண்டியின் பின்பலகையில் மஞ்சள் எழுத்தில் எழுதி வைத்திருந்தார், வண்டியைத் தொடர்ந்து போகிற மாடுகள் படிக்கட்டும் என்று. அநியாயம் என்பது அவருக்கு அறவே ஆகாது. எழுதியிருப்பதைத்தான் செய்வார். வெள்ளி காணாமல்போன முதல் நாள், பொழுது நன்றாகப் புலர்ந்த பிறகு, ஆதிமூலம் மண்வெட்டியோடு மடைக்குப் போனான். மடைப் பலகைமேல் சிவப்பிரகாசத்தின் காவல் ஆள் வீரப்பன் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் கம்பளிச் சால்வையோடு கொன்செய்யே நின்றிருந்தார்.

"பொழுது விடிஞ்சிட்டுதுங்களே, மடைய மாத்திக்கலாங்களா?"

"வெள்ளி எங்க?"

"சூரியனே வந்துட்டுதுங்க."

"பத்திரத்துல சூரியன் இல்லியே ஆதிமூலம். வெள்ளின்னுதான எழுதிகீது. வெள்ளி வரட்டும், நானே என் கையால பலகைய எடுத்து வுடறேன். நான் ஒருத்தன் மொறையத் திங்கறவன் இல்ல."

அன்று வெள்ளி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு வாரமாகப் பன்னிரண்டு காணியும் தண்ணீரைக் குடித்து, குடிக்க முடியாமல் வரப்பு வழியாக வடிகாலில் வழியவிட்டுக்கொண்டிருந்தது. வடிகால் கடலுக்குப் போகிறது. கடலுக்கு எந்த நொத்தேரும் முறை எழுதிக் கொடுக்கவில்லை; ஆனாலும் அதற்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஆகாசத்துல கீறதோட உனக்கு இன்னாத்துக்கு வயக்கு?" என்றாள் பவுனம்மாள். ஆதிமூலத்தின் மனைவி, பேச்சில் அவளுக்கு மேல்மடை. "பலகைமேல குந்திகினு கீறானே வீரப்பன், அவன்கிட்ட மம்பட்டியக் காட்டு. வெள்ளி என்னா, எல்லா நட்சத்திரமும் அவனுக்குத் தெரியும்."

ஆதிமூலம் அந்த வழியை யோசிக்காமல் இல்லை. மண்வெட்டியைக் காட்டினால் பத்திரத்தை மீறியவன் அவனாகிவிடுவான். அப்புறம் சிறைதான், ஒன்றரைக் காணியும் மிஞ்சாது. அவன் கொம்யூன் தலைவரான மேரிடம் போய்ப் பிராது கொடுத்தான்.

மேர் அரங்கநாதன் ஞானஸ்தன். தேர்தல் நாளில் இறந்தவர்களும் மறக்காமல் வந்து வோட்டுப் போட்டுவிட்டுப் போகிற கொம்யூனில் மூன்றாவது முறையாக மேராக இருப்பவர், உயிரோடு இருப்பவர்களை லேசில் பகைத்துக்கொள்ள மாட்டார். சிவப்பிரகாசத்துக்குச் சாதகமாகச் சொன்னால் ஆதிமூலத்தின் கீழத்தெரு முழுக்கப் போய்விடும். ஆதிமூலத்துக்குச் சாதகமாகச் சொன்னால் சபையில் கொன்செய்யே போய்விடுவார். இப்படிப்பட்ட இக்கட்டில் பெரிய மனிதர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். விஷயத்தை விஞ்ஞானத்திடம் விட்டார். "இது நீயும் நானும் தீர்க்கற காரியமில்ல ஆதிமூலம். கெரக சம்பந்தப்பட்டது. பட்டணத்துலேருந்து வாத்தியாரு மிசியே உலகநாதன் வருவாரு. பாரீசு புஸ்தகமெல்லாம் படிச்சவரு" என்றார். தமுக்கு அதற்காகத்தான் அடிக்கப்பட்டது.

மிசியே உலகநாதன் சனிக்கிழமையே வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, கண்ணாடிக்குப் பின்னால் தூக்கம் கெட்ட கண்கள். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாகக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, என்றைக்காவது யாராவது தன்னிடம் கிரகங்களைப் பற்றிக் கேட்பார்கள் என்று காத்திருந்தவர். இப்போது ஒரு கொம்யூனே கேட்டுவிட்டது. எதற்காகக் கேட்டது என்று அவர் விசாரிக்கவில்லை. ஒரு சாண் குறுக்களவுள்ள பூசணிக்காய் ஒன்று, அதைவிட ஒரு நூல் சிறியதாக இன்னொன்று, உரித்த தேங்காய் ஒன்று, நார்த்தங்காய் ஒன்று வேண்டும் என்று கேட்டார்.

"சாம்பாருங்களா?" என்றான் தலையாரி.

"பிரபஞ்சம்" என்றார் மிசியே.

பெரிய பூசணிதான் பூமி என்று தெரிந்ததும் சிவப்பிரகாசம் தம் தோட்டத்திலிருந்து ஒன்றை, பட்டுத்துணியில் வைத்துக் கொடுத்தனுப்பினார். தலையாரி ஊரைச் சுற்றிவிட்டுப் பவுனம்மாளின் கூரைமேல் காய்த்திருந்த இன்னொன்றை, அவள் ஏசிக்கொண்டிருக்கும்போதே பறித்துக்கொண்டு போனான். மிசியே நூல் பிடித்து அளந்தார். கூரைப் பூசணி பெரியதாக இருந்தது. அவர் தயவுதாட்சண்யம் இல்லாத மனிதர். கீழத்தெருப் பூசணியைப் பூமி என்றும், கொன்செய்யே பூசணியை வெள்ளி என்றும் அங்கேயே தீர்த்துவிட்டார். சிவப்பிரகாசத்தின் முகம் சிறுத்தது. அப்புறம் ஏதோ தோன்றி மலர்ந்தது. "நல்லதுதான். வெள்ளி நம்மகிட்ட கீறதுதான் நாயம். வீரப்பன்தான் அதத் தூக்கணும், வேற ஆள் தொடப்படாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் களத்துமேடு நிறைந்துவிட்டது. அபராதம் என்ற சொல்லுக்கு அப்படி ஒரு ஈர்ப்பு. ஏரி மடைக்காரன் மாரிமுத்து முதல் ஆளாக வந்து, ஏரி மடையின் முழ நீள இரும்புச் சாவியை மடியில் கிடத்திக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தான். மேருக்கு மேஜை போட்டிருந்தார்கள். மேஜையின் ஒரு கோடியில் கொம்யூன் எழுத்தர், நடக்கிறதை நடக்கிறபடி எழுதிக்கொள்ள, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்ட பதிவுப் புத்தகத்தோடு தயாராக இருந்தார். நடுவில் ஸ்டூலின் மேல், பொட்டு வைக்கப்பட்டு, பூமி இருந்தது.

சூரியன் எது என்பதில்தான் முதல் சங்கடம். பூமி ஒரு சாண் என்றால் சூரியனுக்கு நூற்றொன்பது சாண் குறுக்களவு வேண்டும் என்றார் மிசியே. களத்தில் இருந்ததிலேயே பெரிய பொருள் சிவப்பிரகாசத்தின் வைக்கோல் போர். அதைச் சூரியனாக வைத்துக்கொள்ளச் சபை சம்மதித்தது. போருக்குப் பக்கத்தில் நார்த்தங்காயோடு மாரிமுத்து. "நீ புதன். நான் சொல்ற வரைக்கும் அந்த இடத்த விட்டு அசையக்கூடாது." அடுத்த வட்டத்தில் பூசணியோடு வீரப்பன், வெள்ளி. அப்புறம் பூமி. பூமிக்கும் அப்பால், மேரின் முதுகுக்குப் பின்னால், செவ்வாய்க்கு ஆள் தேடிய மிசியே, கூட்டத்தின் கடைசியில் ஒதுங்கி நின்றிருந்த ஆதிமூலத்தைக் கூப்பிட்டுத் தேங்காயைக் கையில் கொடுத்தார். அங்கேயும் கடைமடைதான்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. இந்த நாலும் ஒரே சாதி, கல்லும் இரும்பும் கலந்து உருண்டவை, நாலில் பூமிதான் பெரியது என்று மிசியே சொன்னபோது, மேர் தன்னைச் சொன்னதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். புதனில் காற்றில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்து வெந்துகொண்டும் மறுபக்கம் எப்போதும் இருட்டில் விறைத்துக்கொண்டும் இருப்பதாகச் சொல்கிறார்கள். மாரிமுத்து தன் நார்த்தங்காயை இரக்கத்தோடு பார்த்தான். செவ்வாய், பூமியில் பாதி. குளிர், வறட்சி, இருந்தும் இல்லாத காற்று. நாள் நம் நாளைப் போலவே, வருஷம் மட்டும் நம்முடையதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. இதைக் கேட்டு மேர், "அப்ப அங்க ஒரு தரம் மேர் ஆனா..." என்று ஆரம்பித்து, கூட்டத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"செவ்வாயில் வாய்க்கால்கள் ஓடுவதாகச் சில பேர் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார்கள்" என்றார் மிசியே.

அதுவரை சோம்பல் முறித்துக்கொண்டிருந்த களத்துமேடு ஒரேயடியாக விழித்துக்கொண்டது.

"எத்தினி வாய்க்காங்க?"

"மேல்மடை யாரு கையில?"

"துருவத்தில் பனி உருகி, அந்தத் தண்ணீர் கடைசி வரைக்கும் போகிறது என்று சொன்னார்கள்."

"கடசி வரைக்கும் போவுதுங்களா?" என்றான் ஆதிமூலம், கையில் தேங்காயோடு.

"அப்படித்தான் சொன்னார்கள்."

"அப்ப அங்க கொன்செய்யே கெடையாது."

கீழத்தெருவிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, மேலத்தெருவின் எல்லையில் இருமலாக மாறியது. ஆனால் அந்த வாய்க்கால்கள் கண்ணின் மயக்கம், அங்கே அப்படி ஒன்றும் இல்லை என்று பெரிய விஞ்ஞானிகள் சொல்லிவிட்டதாக மிசியே முடித்தார். களத்துமேடு பெருமூச்சு விட்டது. சொந்தக்காரன் ஒருவன் எங்கோ நன்றாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, அது பொய்யென்று தெரிந்தாற்போல இருந்தது.

ஆதிமூலம் வெள்ளியைப் பற்றிச் சொன்னதைத்தான் கவனமாகக் கேட்டான். இருபது வருஷமாக, ஈரம் ஊறிய வரப்பில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவன் எதிர்பார்த்து நின்றது அதைத்தான். அவனைப் பொறுத்தவரை அது வாய்க்காலுக்கு வருகிற ஒரு ஆள். கொஞ்சம் பிந்தி வந்தாலும் முகத்தைக் காட்டிவிட்டால் போதும், மனசு லேசாகிவிடும். அது ஒரு உலகம் என்கிறார் இந்த மனிதர். நம் பூமியோடு ஒரே வயிற்றில் பிறந்ததுபோல, அளவிலும் கனத்திலும் ஒரு நூல்தான் குறைவு. முழுக்க மேகம் மூடிக் கிடக்கிறது. அடியில் என்ன இருக்கிறதென்று யாரும் பார்த்ததில்லை. சேறாக இருக்கலாம், பாலையாக இருக்கலாம். எப்போதும் மேகம் மூடின ஊர் என்றதும் ஆதிமூலத்தின் மனசில் அங்கே நடவு தொடங்கிவிட்டது. வரப்பு, மடை, மடையில் ஒருவன். அந்த ஒருவனும் முறை மாற்ற எதையாவது பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமே, எதைப் பார்ப்பான்? இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏங்க, அங்கேருந்து பாத்தா நம்ம பூமி மொளைக்கறது தெரியுங்களா?"

மிசியே பேச்சை நிறுத்தினார். பதினெட்டு வருஷத்தில் அவரிடம் யாரும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "மேகம் விலகினால் தெரியும். பெரிய நட்சத்திரமாக, வெள்ளியைவிடப் பிரகாசமாகத் தெரியும். ஆனால் மேகம் விலகாது" என்றார்.

சதா மேகம், விலகாது. பாவம், அவன் முறை எப்போது வரும் என்று நினைத்துக்கொண்டான் ஆதிமூலம்.

"அது கெடக்கட்டும். வெள்ளி இப்ப எங்க? அதச் சொல்லுங்க மிசியே" என்றார் சிவப்பிரகாசம்.

மிசியே வீரப்பனை நடக்கச் சொன்னார். வீரப்பன் பூசணியை மார்போடு அணைத்துக்கொண்டு வட்டமாக நடந்து, வைக்கோல் போருக்குப் பின்னால் மறைந்தான். "இப்போது வெள்ளி இங்கேதான் இருக்கிறது. சூரியனுக்கு அந்தப் பக்கம். முளைக்காமல் இல்லை, சூரியனோடு சேர்ந்து வருவதால் நம் கண்ணுக்குத் தெரியவில்லை."

"கண்ணுக்குத் தெரியலே" என்று சிவப்பிரகாசம் எழுந்து நின்று திருப்பிச் சொன்னார். "பத்திரத்துல 'கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும்'னு எழுதிகீது. மறுபடி கெழக்கே கண்ணுக்குத் தெரிய எத்தினி நாளாவும்?"

மிசியே கணக்குப் பார்த்தார். கணக்கு வந்துவிட்டால் அவருக்கு வேறொன்றும் தெரியாது. "இரண்டு மாசத்தில் மேற்கே தெரியும். கிழக்கே என்றால் அடுத்த கார்த்திகைக் கடைசி."

களத்துமேடு விரல் விட்டு எண்ணியது. பதினோரு மாசம். சிவப்பிரகாசம் விஞ்ஞானத்துக்கு வணக்கம் செலுத்துவதுபோல லேசாகத் தலை குனிந்து உட்கார்ந்தார். மேர் ஆதிமூலத்தின் பக்கம் திரும்பாமல், ஸ்டூலின் மேலிருந்த பூமியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆதிமூலத்தின் உள்ளங்கையில் தேங்காய் வியர்த்தது. பாரீசு வரைக்கும் போய், சூரியனுக்குப் பின்னால் வரைக்கும் போய், எல்லா இடத்திலும் விசாரித்துவிட்டு, கடைசியில் வீரப்பன் பலகைமேல் உட்கார்ந்திருப்பது சரிதான் என்று தீர்ந்திருக்கிறது.

ஆனால் மிசியேவுக்குப் பாடத்தைப் பாதியில் விட்டு வழக்கமில்லை. "நட, நட" என்று போருக்குப் பின்னால் குரல் கொடுத்தார். வீரப்பன் ஒரு பக்கமாக வெளியே வந்தான். "இது சாயங்கால வெள்ளி." பூமிக்கும் போருக்கும் நடுவில் நடந்து கடந்தான். "இங்கேயும் கொஞ்ச நாள் தெரியாது." மறுபக்கம் போய், வெயிலில் மஞ்சளாக மின்னுகிற பூசணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். மிசியே தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "மேர் அவர்கள் எழுந்து நின்று சபைக்கு அறிவிக்க வேண்டும்."

அறிவிப்பது என்றால் மேருக்கு உயிர். வேறெதையும் அறிவிக்க இஷ்டமில்லாத நிலைமையில் இது கிடைத்தது பெரும் பாக்கியமாக இருந்தது. எழுந்து, மூவர்ணப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, "இதோ, கிழக்கே விடிவெள்ளி முளைத்தது" என்றார். கைதட்டினார்கள். எழுத்தர், நடப்பதை நடக்கிறபடி எழுதுகிறவர், எழுதினார். மேர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். சாட்சிக் கையெழுத்து என்றதும் சிவப்பிரகாசம், யாரும் கூப்பிடுவதற்கு முன்பே வந்து, கொன்செய்யே என்று தொடங்கி அடியில் மூன்று கோடு இழுத்து முடித்தார். எங்கே கையெழுத்து கேட்டாலும் அவர் இல்லை என்று சொன்னதில்லை.

"எழுதினத ஒரு தரம் படிங்கய்யா" என்றான் ஆதிமூலம்.

எழுத்தர் படித்தார்: "1938-ஆம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி பிற்பகல் நாலு மணி பத்து நிமிஷத்துக்கு, மேர் அவர்கள் முன்னிலையில், கொன்செய்யே சிவப்பிரகாசம் உள்படச் சபையோர் அனைவரின் கண்ணுக்கும் தெரியும்படி, கிழக்கே விடிவெள்ளி முளைத்தது."

ஆதிமூலம் செவ்வாயை மேஜைமேல் வைத்தான். தேங்காய் உருண்டு மைக்கூட்டில் முட்டி நின்றது. "வெளக்கு வெக்க இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு. நான் வரேனுங்க."

"எங்கடா?" என்றார் சிவப்பிரகாசம்.

"மடைக்கிங்க. வெள்ளி மொளச்சிட்டுதில்ல."

"டேய், அது பூசணிக்காடா."

"ஆமாங்க. ஒங்க வூட்டுப் பூசணிக்காதாங்க. கையெழுத்தும் ஒங்களுதுதான்."

சிவப்பிரகாசம் மேரைப் பார்த்தார். மேர் புத்தகத்தைப் பார்த்தார். முத்திரை ஈரமாகப் பளபளத்தது. எண் போட்ட பக்கம். கிழித்தால் மேலிடத்துக்குப் பதில் எழுத வேண்டும், பூசணிக்காயைப் பற்றிப் பிரெஞ்சில் எழுத வேண்டும். "எழுதினது எழுதினதுதான சிவப்பிரகாசம். நீங்களே சொல்வீங்களே" என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு. அவர் முகத்தில் பத்து நாளாகக் காணாத நிம்மதி இருந்தது. தீர்ப்பு வந்துவிட்டது, தாம் சொல்லவில்லை.

"வீரப்பா, மடைக்கி ஓடு" என்று கத்தினார் சிவப்பிரகாசம்.

"யாரும் அசையக்கூடாது" என்றார் மிசியே, அதைவிட உரக்க. "இனிமேல்தான் கிரகணம். வெள்ளி அங்கேயே நிற்கட்டும். புதனும்."

வீரப்பன் எசமானையும் மேரையும் மாறி மாறிப் பார்த்தான். மேர், ஓடாதே நில்லு என்பதுபோலக் கையைக் காட்டினார். பூசணி தலைக்கு மேலேயே நின்றது.

பவுனம்மாள் கூட்டத்துக்கே மண்வெட்டியோடுதான் வந்திருந்தாள். "இந்தா புடி, நானே முன்னால போவலாம்னு பாத்தேன். நீ கெரகத்தக் கட்டிகினு நின்னியே" என்று புருஷன் கையில் திணித்தாள். இரண்டு பேரும் வரப்பு வழியாக ஓடினார்கள். ஆதிமூலத்துக்கு நாற்பத்தெட்டு வயது. ஓடி ரொம்ப நாளாகியிருந்தது. மூச்சு இரைத்தபோதும் மனசுக்குள் கணக்கு ஓடியது: இரண்டு மணி நேரம், நல்ல பாய்ச்சல் இருந்தால் மேற்குப் பாதி முழுக்க நனைந்துவிடும், கிழக்குப் பாதிக்குப் பாதம் நனைகிற அளவுக்காவது ஏறும், அது போதும். சிவப்பிரகாசத்தின் வயலில் கதிர்கள் தண்ணீர் மேல் சாய்ந்து, தங்கள் நிழலைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தன. மேற்கே சூரியன் இன்னும் இரண்டு பனை உயரத்தில் நின்றது.

மடைப் பலகைமேல் யாரும் இல்லை. வீரப்பன் விட்டுப் போன வெற்றிலைக் காம்பு மட்டும் கிடந்தது. ஆதிமூலம் மேல்மடைக்கு மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தான். பலகையை இரண்டு கையாலும் அசைத்து உருவினான். பத்து நாளாகத் தேங்கியிருந்த தண்ணீர் ஒரு முழத்துக்குச் சுழித்து உள்ளே பாய்ந்தது. முதல் வெடிப்பில் விழுந்து மொடுமொடுவென்று குடிக்கப்படுகிற சத்தம் கேட்டது. பவுனம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது வெடிப்பு. மூன்றாவதில் தண்ணீர் மெலிந்து, நுரை தட்டி, நின்றது.

ஆதிமூலம் நிமிர்ந்து வாய்க்காலைப் பார்த்தான். ஏரிப் பக்கமாகக் கண்ணுக்கு எட்டின மட்டும் சேறு வெயிலில் மினுங்கியது. அதில் அயிரை மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன; ஐந்தாறு கொக்குகள் அவசரமில்லாமல் நடந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தன. களத்துமேட்டிலிருந்து கைதட்டல் கேட்டது.

அபராதத்துக்குப் பயந்து ஏரி மடையை அடைத்துவிட்டு ஆஜராகியிருந்த மாரிமுத்து, வைக்கோல் போருக்குப் பக்கத்தில், ஒரு கையில் சாவியும் ஒரு கையில் நார்த்தங்காயுமாக, இன்னும் புதனாக நின்றுகொண்டிருந்தான்.